பரணில் கிடக்கும் துப்பாக்கி யார் காலத்தது?

புதுக்கோட்டைச் சீமையில் பழைய குடும்பங்கள் பல உண்டு. அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். பரணைச் சுத்தம் செய்யும்போது, துருப்பிடித்த துப்பாக்கி ஒன்று அகப்படுகிறது. பிள்ளைகள் ஓடிவந்து, "இது யாருடையது தாத்தா?" என்று கேட்கிறார்கள். தாத்தா என்ன சொல்வார்?

"இது கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கியடா! நம் முப்பாட்டனார் கையில் பிடித்தது!" என்பார்.

பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்பார்கள். மறுநாள் அந்தக் கதை தெரு முழுவதும் பரவிவிடும். ஒரு மாதம் கழித்து, பழம்பொருள் வாங்கும் ஆசாமி ஒருவர் வாசலில் வந்து நிற்பார்.

தாத்தா சொன்னது மெய்யா? அவர் வேண்டுமென்று பொய் சொல்லக்கூடியவர் அல்ல. தம் பாட்டனார் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். ஆனால் கதை வாய்க்கு வாய் வளரும். ஒருவர் சொன்னதில் இன்னொருவர் கொஞ்சம் சேர்ப்பார். மூன்று தலைமுறையில் வேட்டைத் துப்பாக்கி போர்த் துப்பாக்கி ஆகிவிடும்.

உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. அந்தத் துப்பாக்கியையே கேட்க வேண்டும். அதன் குழல், கட்டை, ஆணி, அதில் குத்தியிருக்கும் முத்திரை எல்லாம் பேசும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளும் கலை ஒன்று உலகில் வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆயுதங்கள் எங்கே போயின?

முதலில் கொஞ்சம் சரித்திரம்.

1799-ஆம் ஆண்டில் வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் பிடிபட்டான். தொண்டைமான் ராஜாவின் ஆட்கள் அவனைப் பிடித்துக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

அதோடு சண்டை ஓயவில்லை. 1801-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும், சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களும் மீண்டும் எழுந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களும் தூக்கில் மாண்டார்கள்.

பாளையக்காரர்களின் வீரர்கள் எதைக் கொண்டு போரிட்டார்கள்? ஈட்டி, வாள், வளரி, திரி வைத்துச் சுடும் துப்பாக்கி ஆகியவையே அவர்களின் முக்கிய ஆயுதங்கள். கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பிற்காலத்தில் தம் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுவே என்று அதில் சொல்லியிருக்கிறார். நண்பராக இருந்து கற்றுக் கொடுத்தவரை எதிர்த்தே அவர் பின்னால் போர் செய்ய நேர்ந்தது!

போர் முடிந்ததும் கம்பெனியார் என்ன செய்தார்கள்? 1801 டிசம்பர் 1-ந் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களில் யாரும் போர் ஆயுதங்களை வைத்திருக்கக் கூடாது என்பது உத்தரவு. கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதங்கள் பறிக்கப்பட்டன.

தஞ்சாவூரில் நடந்தது இன்னொரு கதை. 1855-ல் மராட்டிய ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ராஜ்யம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அரண்மனை ஆயுதச் சாலையில் இருந்தவற்றுள் பொறுக்கி எடுத்த சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. மீதியில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்!

ஆகையால், பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கி இன்று வீட்டில் கிடைப்பது மிக அபூர்வம். "இதோ இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், உடனே கும்பிடுவதற்கு முன் நன்றாகச் சோதிக்க வேண்டும்.

புதுக்கோட்டையின் நிலை வேறு. தொண்டைமான்கள் கம்பெனியின் நண்பர்கள். ஆகவே சமஸ்தானம் பிழைத்தது. 1948-ல் இந்தியாவோடு இணையும் வரை அது தனி சமஸ்தானமாகவே இருந்தது. அரண்மனை ஆயுதச் சாலையும் தப்பியது. எட்கர் தர்ஸ்டன் என்ற அறிஞர் 1909-ல் வெளியிட்ட நூலில், அங்கே ஒரு காலத்தில் ஏராளமான வளரிகள் இருந்ததாகத் திவான் எழுதிய செய்தியைக் குறித்திருக்கிறார். திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910-ல் தொடங்கப்பட்டது. பழைய படைக்கலங்களை அங்கே இன்றும் பார்க்கலாம்.

திரியா, கல்லா, கேப்பா?

இனித் துப்பாக்கிக்கு வருவோம். நிபுணர் முதலில் எதைப் பார்ப்பார்? பெயரையோ, பூ வேலையையோ பார்க்க மாட்டார். மருந்தில் தீப்பிடிக்கும் ஏற்பாடு எப்படி என்று பார்ப்பார். அதுவே துப்பாக்கியின் வயதைச் சொல்லும் முதல் சாட்சி.

மிகப் பழையது திரித் துப்பாக்கி. புகைந்துகொண்டிருக்கும் திரியை ஒரு கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும். விசையை அழுத்தினால் திரி கீழே வந்து மருந்தைத் தொடும். மழை பெய்தால் திரி அணைந்துவிடும். இருந்தாலும் நம் நாட்டில் இது வெகுகாலம் வழக்கில் இருந்தது. செய்வது சுலபம், செலவும் குறைவு.

அடுத்தது கல் துப்பாக்கி. சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய குதிரை ஒன்று இருக்கும். 'குதிரை' என்றவுடன் நாலு கால் குதிரையை நினைத்துவிடாதீர்கள். துப்பாக்கியில் பின்னால் இழுத்து நிறுத்தும் உறுப்புக்குத் தமிழில் அதுதான் பெயர். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து கல் இரும்பில் உரசும். பொறி பறக்கும். கம்பெனிச் சிப்பாய்கள் கட்டபொம்மன் காலத்தில் பிடித்திருந்தது இந்தக் கல் துப்பாக்கியைத்தான்.

மூன்றாவது கேப்புத் துப்பாக்கி. சின்னஞ்சிறு செம்புத் தொப்பிக்குள் அடித்தால் வெடிக்கும் மருந்து இருக்கும். குதிரை அதன் தலையில் அடிக்கும். இப்படி அடித்து வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு, ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சித் என்பவர் 1807-ல் உரிமை பெற்றார். செம்புத் தொப்பி பரவியது 1820-க்குப் பிறகு.

நாலாவது, பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி. ராணுவங்களில் இது 1860-க்குப் பிறகுதான் பெருவழக்காயிற்று.

இப்போது தாத்தாவின் துப்பாக்கியைப் பாருங்கள். அது கேப்புத் துப்பாக்கி என்றால், கட்டபொம்மன் கதை அந்த இடத்திலேயே முடிந்தது! 1799-ல் இறந்தவர் காலத்தில், 1820-க்குப் பின் பரவிய கேப்பு எங்கிருந்து வரும்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய கல் துப்பாக்கியைப் பிற்காலத்தில் கேப்புத் துப்பாக்கியாக மாற்றுவது உண்டு. அப்படி மாற்றினால் தடயம் இருக்கும். பழைய ஆணித் துளைகளை அடைத்த அடையாளம் தகட்டில் தெரியும். குழலின் பக்கத்துத் துளையை அடைத்துப் புதிதாக ஒரு காம்பு வைத்திருப்பார்கள். ஆகையால் நிபுணர் பூதக்கண்ணாடி இல்லாமல் முடிவு சொல்ல மாட்டார்.

இதயமும் சிங்கமும்

இரண்டாவது சாட்சி முத்திரை.

கம்பெனித் துப்பாக்கியில், குதிரை பொருத்தியிருக்கும் இரும்புத் தகட்டைத் தேய்க்காமல் மெல்லத் துடைத்துப் பாருங்கள். இதயம் போன்ற ஒரு வடிவம் தெரியலாம். அதை நாலு கட்டமாகப் பிரித்து வி, இ, ஐ, சி என்று நாலு ஆங்கில எழுத்துக்களைப் பொறித்திருப்பார்கள். மேலே நாலு என்ற எண்ணைப் போல ஒரு குறி இருக்கும். இது ஒன்றுபட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபார முத்திரை. முதல் எழுத்து 'யு' அல்லவா இருக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அந்தக் காலத்தில் 'யு'வுக்குப் பதிலாக 'வி' போடுவது வழக்கம்.

1808-ல் கம்பெனியார் துப்பாக்கி முத்திரையை மாற்றினார்கள். இதயம் போயிற்று. முன்னங்கால்களில் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் சிங்கம் வந்தது.

இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சிங்க முத்திரைத் துப்பாக்கியைக் காட்டி "இது ஊமைத்துரை பிடித்தது" என்று யார் சொன்னாலும், அது நடக்க முடியாத காரியம் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடலாம்.

சரி, இதய முத்திரை இருந்தால்? காலம் பொருந்துகிறது. அவ்வளவுதான். அந்தத் துப்பாக்கி ஒரு கம்பெனிச் சிப்பாயிடம் இருந்திருக்கலாம். போரில் பாளையக்காரர் கைக்குப் போயிருக்கலாம். நட்பு ராஜாவுக்குக் கொடுத்ததாக இருக்கலாம். பிற்காலத்தில் ஏலத்தில் வாங்கியதாகவும் இருக்கலாம். முத்திரை காலத்தைச் சொல்லும். ஆளைச் சொல்லாது.

குழலிலும் முத்திரை உண்டு. இங்கிலாந்தில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கிக் குழலையும் முதலில் அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். லண்டனுக்கு ஒரு முத்திரை, பர்மிங்காமுக்கு ஒரு முத்திரை. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ல் ஏற்பட்டது. ஆகவே அந்தச் சாலையின் முத்திரை உள்ள குழல் அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது.

குழலின் உள்ளே பாருங்கள்

மூன்றாவது சாட்சி குழலின் உட்புறம். இதில்தான் நம் நாட்டுச் சரித்திரத்தின் கசப்பான பக்கம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

ரைபிள் குழலின் உள்ளே திருகாணியின் மரையைப் போலச் சுற்றிச் செல்லும் வரிகள் இருக்கும். குண்டு அதன் வழியே சுழன்றுகொண்டு போகும். அதனால் நேராக வெகுதூரம் பாயும். வரி இல்லாத குழல் மூங்கில் குழாயைப் போல உள்ளே வழவழப்பாக இருக்கும். ஒரே குண்டும் போடலாம். பல சிறு ரவைகளும் போடலாம். வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் ரவைத் துப்பாக்கி இந்த இனம். ஆனால் தூரத்துக் குறிக்கு இது உதவாது.

1857-ல் சிப்பாய்கள் எழுந்தார்கள். என்பீல்டு ரைபிளின் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகப் பரவிய செய்தி அந்த நெருப்புக்கு ஒரு பொறி. எழுச்சியை அடக்கிய பிறகு வெள்ளைக்காரர்கள் யோசித்தார்கள். நல்ல துப்பாக்கியை இந்தியச் சிப்பாயிடம் மறுபடியும் கொடுக்கலாமா?

கொடுக்க மனம் வரவில்லை. என்பீல்டு ரைபிளின் உள் வரிகளைக் கடைந்து எடுத்தார்கள்! 0.577 அங்குலமாக இருந்த துளை 0.656 அங்குலம் ஆயிற்று. தூரக் குறி பார்க்கும் ஏணியையும் எடுத்துவிட்டு எளிய குறியை வைத்தார்கள். 1858-ஆம் ஆண்டு மாதிரி என்று இதற்குப் பெயர். வெளியே பார்த்தால் வெள்ளைக்காரச் சிப்பாயின் ரைபிளும் இதுவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே பார்த்தால்தான் வேற்றுமை தெரியும்.

கடைந்ததால் குழலின் சுவர் மெலிந்தது. அடிபட்டால் நெளிந்தது. அதனால் அடுத்த ஆண்டு மாதிரியில் குழலைக் கனமாகச் செய்தார்கள்.

வாசகர்களே, யோசித்துப் பாருங்கள். ஒரு குழலின் வழவழப்பே ஒரு சாட்சியம்! "உன் உழைப்பு வேண்டும், உன்மேல் நம்பிக்கை இல்லை" என்று ஓர் அரசாங்கம் தன் சொந்தச் சிப்பாய்க்குச் சொன்ன வார்த்தை அதில் எழுதியிருக்கிறது. அப்படி ஒரு துப்பாக்கி கிடைத்தால் அது யார் கையிலும் சண்டை போடாவிட்டாலும் பொக்கிஷம்தான். கட்டபொம்மன் பெயரை அதன்மேல் ஏற்ற வேண்டிய அவசியம் என்ன?

போலீஸ்காரரின் துப்பாக்கி

இதே கதை அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. வங்காளத்தில் இஷாப்பூர் என்ற ஊரில் அரசாங்க ரைபிள் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ராணுவ 0.303 ரைபிள்கள் செய்தார்கள். அவற்றில் பலவற்றைப் போலீசாருக்காகவும் காவலர்களுக்காகவும் மாற்றினார்கள். உள்ளே வரி இல்லாத குழல், 0.410 அங்குலத் துளை, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. தோட்டாக் கூடு இருந்த இடத்தில் மரக்கட்டையை வைத்து அடைத்தார்கள்.

ஏன் இந்தப் பாடு? இந்தத் துப்பாக்கி கலகக்காரர்கள் கையில் சிக்கினாலும் ராணுவத் தோட்டாவை அதில் போட்டுச் சுட முடியாது. போலீஸ் தோட்டா சிக்கினால் ராணுவ ரைபிளில் உதவாது.

எகிப்திலும் இதே யோசனை. இங்கிலாந்தின் கிரீனர் கம்பெனி எகிப்துப் போலீசுக்கு ஒரு ரவைத் துப்பாக்கி செய்து கொடுத்தது. கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டா அதில் வேலை செய்யாது. அதற்கென்றே தனித் தோட்டா!

இஷாப்பூர்த் துப்பாக்கியை அடையாளம் காண்பது கடினம் அல்ல. கைப்பிடிக்கு மேலே இருக்கும் இரும்பு வளையத்தில் கிரீடம், ராஜாவைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துக்கள், ஊர்ப் பெயர், ஆண்டு எல்லாம் இருக்கும். சுதந்திரத்துக்குப் பின் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. நாட்டின் சரித்திரமே ஒரு விரற்கடை இரும்பில் அடங்கியிருக்கிறது!

அளவு சொல்லும் ரகசியம்

நாலாவது சாட்சி அளவு. துளையின் அகலத்தை நுட்பமான அளவுகோலால் அளந்தால் பல கதைகள் உடைந்துபோகும்.

கம்பெனியின் கல் துப்பாக்கிக்குத் துளை சுமார் 19 மில்லிமீட்டர். குழலின் நீளம் 39 அங்குலம். 1858 மாதிரிக்குத் துளை 16.7 மில்லிமீட்டர். இஷாப்பூர்ப் போலீஸ் துப்பாக்கிக்கு 10.4 மில்லிமீட்டர்.

வேட்டைக்காரர்கள் "பன்னிரண்டு போர்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். போர் என்றால் இங்கே யுத்தம் அல்ல, துளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டை செய்தால், ஓர் உருண்டை நுழையும் அளவுத் துளை அது. அதாவது 18.5 மில்லிமீட்டர். எண் கூடினால் துளை சிறுக்கும் என்பது இதனால் விளங்கும்.

போலிகள் ஜாக்கிரதை!

பழைய துப்பாக்கிக்கு விலை கூடியதும் போலிகளும் பெருகின. இது நம் ஊரில் மட்டும் அல்ல. உலகம் முழுவதும் நடக்கிறது.

முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் வின்செஸ்டர் கம்பெனியின் 1897 மாதிரி ரவைத் துப்பாக்கியைப் பதுங்கு குழிச் சண்டைக்குக் கொண்டுபோனார்கள். குழலின் மேல் துளையிட்ட தகட்டு மூடியும், முனையில் கத்தி மாட்டும் ஏற்பாடும் செய்தார்கள். குறுகலான குழியில் இதன் ரவை மழைக்கு முன் யாரும் நிற்க முடியவில்லை. 1918 செப்டம்பரில் ஜெர்மனி, "இது யுத்த தர்மத்துக்கு விரோதம்" என்று ஆட்சேபம் எழுதி அனுப்பியது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை.

இன்று சேகரிப்போர் இதற்கு மிகுந்த விலை கொடுக்கிறார்கள். ஆகவே சாதாரண வேட்டைத் துப்பாக்கியை வாங்கி, மூடியை மாட்டி, ராணுவ முத்திரையைக் குத்தி விற்கும் பேர்வழிகள் கிளம்பிவிட்டார்கள். நிபுணர் என்ன செய்வார்? முத்திரையின் ஓரத்தைப் பார்ப்பார். பழைய முத்திரை என்றால், குழலின் மேல்பூச்சும் முத்திரைப் பள்ளமும் ஒன்றாக மங்கியிருக்கும். புதிய முத்திரையின் பள்ளத்தில் பளபளப்பு தெரியும், ஓரம் கூராக நிற்கும். வரிசை எண்ணையும் ஒத்துப் பார்ப்பார். யுத்தம் முடிந்த பின் செய்த எண்ணில் யுத்த முத்திரை இருந்தால், குட்டு வெளிப்பட்டுவிடும்.

நம் பக்கத்திலும் கைதேர்ந்த கொல்லர்கள் உண்டு. பீகாரில் முங்கேர் நகரத்துக் கொல்லர்கள் ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் பார்த்து அதேபோலச் செய்வதில் பேர்போனவர்கள். பாகிஸ்தானில் தர்ரா என்ற ஊரில் இன்னும் செய்கிறார்கள். எழுத்தறியாத கொல்லர் ஆங்கில எழுத்தைச் சித்திரம்போல் வரைந்ததால், சில எழுத்துக்கள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கும். சேகரிப்போர் முதலில் தேடுவது இந்தத் தலைகீழ் எழுத்தைத்தான்.

எல்லாக் கலப்பும் மோசடி அல்ல. உடைந்த கம்பெனித் துப்பாக்கியின் விசையை எடுத்து, உள்ளூர்க் குழலில் பொருத்தி, உள்ளூர் மரத்தில் கட்டை செய்து, பயிர்க் காவலுக்கு வைத்துக்கொண்ட குடியானவர்கள் உண்டு. அது அவர்களின் கைவேலை. உள்ளது உள்ளபடி சொன்னால் அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

2003-ல் நேபாளத்தில் ஓர் அதிசயம் நடந்தது. காத்மாண்டுவில் பழைய அரண்மனைக் கிடங்கு ஒன்றில் ஆயிரக்கணக்கான பழைய துப்பாக்கிகள் தூசி படிந்து கிடந்தன. அமெரிக்க வியாபாரிகள் அவற்றை மொத்தமாக வாங்கிச் சென்றார்கள். கம்பெனித் துப்பாக்கிகளும், அவற்றைப் பார்த்து நேபாளத்திலேயே செய்தவையும் கலந்திருந்தன. நேபாளத்தில் இருந்ததற்கு அடையாளமாகத் தேவநாகரி எழுத்துக்கள் பலவற்றில் இருக்கின்றன. தேவநாகரி எழுத்துள்ள துப்பாக்கியை "தென்பாண்டிச் சீமையில் கிடைத்தது" என்று ஒருவர் விற்க வந்தால், கொஞ்சம் நிதானித்துக் கேட்பது நல்லது.

காகிதமும் வேண்டும்

இரும்பு காலத்தைச் சொல்லும் என்று பார்த்தோம். ஆளைச் சொல்வது எது? காகிதம்தான்.

பழைய லைசென்சு, பட்டாளத்துப் பென்ஷன் தாள், அரண்மனைக் கணக்கு, கடிதம், துப்பாக்கியோடு எடுத்த புகைப்படம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கதைக்குக் கால் முளைக்கும். இங்கிலாந்தில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், பர்டி போன்ற பழைய கம்பெனிகள், எந்த எண்ணுள்ள துப்பாக்கியை யாருக்குச் செய்தோம் என்று பேரேடு எழுதி வைத்தன. நம் நாட்டு ராஜாக்கள் பலர் அவர்களின் வாடிக்கைக்காரர்கள். எண்ணைக் கொண்டு பேரேட்டில் தேடலாம்.

நமக்கு அருகிலும் ஏடுகள் உண்டு. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைப் பற்றி கே. ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த விரிவான நூல் 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. குடும்பக் கதையில் வரும் ஊரும் ராஜாவும் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று அதில் பார்க்கலாம்.

திருமயம் கோட்டையை நினைத்துப் பாருங்கள். மக்கள் அதை ஊமையன் கோட்டை என்கிறார்கள். ஊமைத்துரை அங்கே ஒளிந்திருந்ததாகக் கதை சொல்வார்கள். கோட்டையைக் கட்டியதோ 1687-ல், சேதுபதி மன்னர். ஊமைத்துரையைத் தூக்கில் போட்டதோ பாஞ்சாலங்குறிச்சியில். மக்கள் வைத்த பெயரில் அன்பு இருக்கிறது. ஏட்டில் ஆண்டு இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே தெரிந்து வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பங்கம் இல்லை.

அகப்பட்டால் என்ன செய்வது?

கடைசியாக மிக முக்கியமான விஷயம். தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பழைய துப்பாக்கி அகப்பட்டால் அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். முன்பக்கத்தால் மருந்து இடிக்கும் துப்பாக்கியில் என்றோ போட்ட மருந்து இன்னும் உள்ளே இருக்கலாம். எத்தனை ஆண்டு ஆனாலும் கருமருந்து நெருப்புப் பட்டால் வெடிக்கும். குழல் வாய்க்கு நேரே முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். கொல்லர் உலையில் காய்ச்சவே கூடாது.

தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தால் துருவோடு முத்திரையும் போய்விடும். முத்திரை போனால் சாட்சி செத்தது. பெயரோ ஆண்டோ புதிதாக வெட்டி வைப்பதும் தவறு.

மறைத்து வைக்காதீர்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. சுடக்கூடியதாக இருந்தால், எவ்வளவு பழையதானாலும் லைசென்சு வேண்டும். எது எந்த வகை என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது. போலீஸ் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு நடப்பதே புத்திசாலித்தனம்.

குளம் வெட்டும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்தால், அதற்கு வேறு சட்டம். மண்ணில் புதைந்து கிடைக்கும் விலையுள்ள பொருளைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. "ரொக்கம் தருகிறேன், யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று வருகிற ஆசாமியிடம் கொடுத்தால், பொருளும் போகும், வம்பும் வரும்.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, தாத்தா சொல்கிற கதையை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதி வையுங்கள். யார் சொன்னது, எந்த ஆண்டு எழுதியது, பொருள் எங்கே இருந்தது என்பதையும் குறியுங்கள். கதை வேறு, சாட்சி வேறு என்று பிரித்து எழுதினால் போதும். நாளை ஓர் ஆராய்ச்சியாளர் வரும்போது அந்த நோட்டு துப்பாக்கியைவிட அதிகம் உதவும்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். படைக்கலங்களுக்கு முன்னே நின்று, "இது திரியா, கல்லா, கேப்பா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், பரணில் இருப்பதைப் பற்றி யாரும் அவர்களிடம் கதை கட்டிவிட முடியாது.